பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

ஐயா,

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன். ஜப்பானில் ஓடி வந்த அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் (வீட்டில் சார்ஜ் பண்ணும் பற்றரியிலும் ஓடும், பெற்றோலிலும் ஓடும்) வைத்திருக்கிறேன். பற்றரி 12 கிலோவாற்-மணி. நண்பர்கள் "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று கேலி செய்கிறார்கள். வாகன இறக்குமதி திறந்துவிட்டதால் இதை விற்று முழு மின்சாரக் கார் எடுக்கலாமா? இன்னொன்று: இன்றைய கார்கள் எல்லாம் ரிவி போல ஆகிவிட்டன, காலி வீதியில் யாருக்கும் பொறுமை இல்லை, நவீன வாழ்க்கையே இப்படித்தானா? சார்ஜ் பண்ணுவதில் எனக்குக் கஷ்டமில்லை. தண்ணீர்ப் பம்ப் அறையின் 13 அம்பியர் பொயின்ற்றிலிருந்து எக்ஸ்ரென்ஷன் இழுத்திருக்கிறேன். முதலில் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்தது. வயரிங் பாஸ் ஒருவர் பிளக்குக்குள் சின்னதாக ஏதோ செய்தார், ஐந்து நிமிட வேலை, அன்றிலிருந்து பச்சை. பிளக் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். விடிய அப்பா காரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். அதற்குள் சார்ஜ் நிறைந்திருக்கும்.

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் யன்னல் வழியாகக் கீழே நிற்கும் காருக்கு இறங்கி வரும் வயர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில், இன்றிரவு அந்தக் காரைச் சார்ஜில் போடாதீர்கள்.

சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது பெட்டியின் கோளாறு அல்ல. லைவுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் வயர்) இடையே ஒழுங்கான வோல்ற் இருக்கிறதா என்று அந்தப் பெட்டி பார்க்கிறது. எர்த் வயர் அறுந்திருந்தாலோ, நிலத்தில் அடித்த கம்பி துருப்பிடித்துப் பிடிப்பு விட்டிருந்தாலோ சார்ஜ் பண்ண மறுக்கிறது. எர்த்தைத் திருத்துவது அரை நாள் வேலை. பிளக்கைத் திறந்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) காலையும் எர்த் காலையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது ஐந்து நிமிட வேலை. பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். உங்கள் வயரிங் பாஸ் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில், பிளக்குக்குள் மட்டும் கைவைத்து, சிவப்பைப் பச்சையாக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

அந்தத் துண்டு வயர் இருக்கும்வரை உங்கள் காரின் உடல் முழுவதும் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் தெரியாது. பம்ப் அறைக்குப் போகும் நியூட்ரல் எங்காவது ஒரு ஸ்குரூவில் கழன்றுவிட்டால், பம்பின் ஊடாகவோ அறையில் எரியும் பல்பின் ஊடாகவோ வரும் மின்சாரம் வேறு வழியில்லாமல் அந்தத் துண்டு வயரைப் பிடித்துக் காரின் கதவுக்கு வரும். பழைய கட்டிடங்களில் லைவும் நியூட்ரலும் மாறிப் பூட்டிய பொயின்ற்றுகளும் உண்டு. அப்படி ஒன்றில் இந்தப் பிளக்கைக் குத்தினால் எதுவும் கழல வேண்டியதே இல்லை, அந்தக் கணமே கதவில் 230 வோல்ற். வெறுங்காலோடு, சீமெந்துத் தரையில், ஈரத்துணியோடு அந்தக் கதவைத் தொடப்போவது யார்? உங்கள் அப்பா. கோயிலுக்குப் போகுமுன் மகனின் காரைத் துடைத்து வைக்கும் அப்பா எல்லோருக்கும் கிடைப்பதில்லை, தம்பி. "ஏதோ செய்தார்" என்று எழுதிவிட்டு எப்படி அடுத்த வரிக்குப் போனீர்கள்?

அடுத்தது சூடு. "கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்" என்கிறீர்கள். காரோடு ஜப்பானிலிருந்து வந்த சார்ஜ் வயர் அங்கே காருக்கென்றே தனியாகப் பூட்டும் 200 வோல்ற் சொக்கற்றுக்கானது. 15 அம்பியர் வரை, மணிக்கணக்காக இழுக்கும். இங்கே அதன் தலையை வெட்டி 13 அம்பியர் பிளக் பூட்டுகிறார்கள். கேத்தில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், அதற்கு அந்தப் பிளக் போதும். கார் நிற்காது. கடற்காற்றில் பித்தளைக் கால்கள் பச்சை பிடித்து, தொடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே 15 அம்பியரில் 22 வாற்றுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். சூட்டில் ஸ்குரூ தளரும், தளரத் தளரத் தடை கூடும். உள்ளே இருக்கும் பியூஸ் காப்பாற்றாது. 13 அம்பியர் பியூஸ் 15 அம்பியரை மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டே இருக்கும், தானும் சூடாகும். பம்ப் அறையில் எப்போதாவது மீன் வாடை வந்ததா? சில வகை சொக்கற் பிளாஸ்ரிக் கருகும்போது அந்த வாடைதான் வரும். எக்ஸ்ரென்ஷனைச் சுருளாகவே வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியும் இல்லை.

செய்ய வேண்டியது இது. பிளக்கைக் கழற்றித் திறவுங்கள். எர்த் வயர் மேலே பெரிய காலில், நியூட்ரல் வயர் நியூட்ரல் காலில், லைவ் வயர் பியூஸ் பக்கம் இருக்க வேண்டும். வேறு எந்தத் துண்டு வயரும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தப் பிளக்கையே வெட்டி எறியுங்கள். பிறகு முகாமைக்குழுவோடு பேசி உங்கள் மீற்றரிலிருந்தே தனி லைன் இழுங்கள். பம்ப் அறை மின்சாரத்துக்கு மற்ற வீட்டுக்காரரும் காசு கட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? வயர் 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர். 30 மீற்றர் ஓட்டத்தில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 15 அம்பியருக்கு 8 வோல்ற் விழுத்தும், இது 5 வோல்ற்றோடு நிற்கும். 20 அம்பியர் பிரேக்கர் ஒன்று, காருக்கென்று தனியாக, மின்சாரம் கசிந்தால் தானே விழும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று. ட்ரிப் சுவிட்ச் 'ஏ' வகையாக (துடிக்கும் டிசி கசிவையும் பிடிப்பது) இருக்கட்டும், கடைக்காரர் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் 'ஏசி' வகை. முனையில் 13 அம்பியர் வேண்டாம், நீல நிற இன்டஸ்ட்ரியல் சொக்கற் பூட்டுங்கள். எர்த்தை மீற்றர் வைத்து அளக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ரெஸ்ரரை மட்டும் பொக்கற்றில் குத்திக்கொண்டு வருபவர் வேண்டாம்.

சார்ஜ் போடுவது இரவு 10.30-க்குப் பிறகு. மாலை 6.30 முதல் 10.30 வரை முழு நாடும் மின்சாரம் இழுக்கும் நேரம். 15 அம்பியரில் நாலு மணித்தியாலத்துக்குள் நிறைந்துவிடும். அப்பா எழும்புமுன் வயரைக் கழற்றிவிடலாம்.

காரை விற்கவா என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வர 20 கிலோமீற்றருக்குள்தான், பற்றரியே போதும். யாழ்ப்பாணம் போக எஞ்சின் இருக்கிறது. 2022-இல் பெற்றோல் வரிசையையும் 13 மணிநேர மின்வெட்டையும் ஒரே ஆண்டில் பார்த்த ஊரில் இரண்டு வழி வைத்திருப்பவனை ஏன் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சார்ஜே போடாமல் பெற்றோலில் மட்டும் ஓட்டினால்தான் நட்டம், அந்தப் பற்றரிப் பாரத்தைச் சும்மா சுமப்பீர்கள். முழு மின்சாரக் கார் எடுத்தாலும் இதே பம்ப் அறைக்குத்தானே கொண்டுபோகப் போகிறீர்கள்?

திரைகளைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் எழுதியதற்கு இப்போது பதில் இல்லை. பிளக்கைத் திறந்ததும் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை பெற்றோலில் ஓடுங்கள். காரைத் துடைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.