டேம் பாதி காலியா இருந்தா தண்ணி வீணாப் போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: மே மாசம் நீலகிரியில எமரால்டு, அவலாஞ்சி ரெண்டு டேம்லயும் அடிமண்ணு தெரியுது. எங்க ஹட்டியில (மலை கிராமத்துல) குழாய் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா தான். அப்புறம் எதுக்கு கீழ திறந்து விடுறாங்க? (வாசகி, எமரால்டு பக்கம்)

பதில்: அக்கா, உங்க கோவம் நியாயம் தான். ஆனா டேமை திறக்கிறதும் உங்க குழாய் தண்ணியும் ரெண்டு தனித்தனி விஷயம். இந்த டேம் எல்லாம் கரண்ட்டுக்காக கட்டுனது, கனடா நாட்டு உதவியோட வந்த குந்தா திட்டம். அவலாஞ்சி, எமரால்டு தண்ணி குந்தா பவர் ஹவுஸ்ல டர்பைனை சுத்திட்டு குந்தா பாலம் டேமுக்கு வரும், அங்கேருந்து கெத்தை, அப்புறம் பரளி, கடைசியா பில்லூர்னு அதே தண்ணி இறங்க இறங்க திரும்பத் திரும்ப கரண்ட் தரும். சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டு போடுற நேரத்துல சில நிமிஷத்துல ஓட விடக்கூடியது இந்த ஹைட்ரோ தான், அனல் மின் நிலையத்தை அப்படி சட்டுனு ஏத்தி இறக்க முடியாது. போன தண்ணியும் வீண் இல்ல, பில்லூர்லேருந்து கோயம்புத்தூருக்கும் குடிதண்ணி போகுது.

மே மாசம் மட்டம் இறங்கி இருக்கணும்னு தான் நான் சொல்லுவேன். ஜூன்ல தென்மேற்கு பருவமழை நம்ம பக்கம் நேரா மோதும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, ரோடெல்லாம் சரிஞ்சு ஊரே துண்டாச்சு, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி மழை வரும்போது டேம் ஏற்கனவே தளும்பிட்டு இருந்தா வர்ற தண்ணிய அப்படியே கீழ தள்ளுறத தவிர வேற வழி கிடையாது.

ஆனா குழாய் விஷயத்துல நான் உங்க பக்கம். கண்ணு முன்னால டேம் வச்சுக்கிட்டு குடத்தை வரிசையில வைக்கிறது கொடுமை. கரையில இருக்கிற ஊருக்கு குடிக்கிற அளவு ஒதுக்கிட்டு தான் மத்த கணக்குன்னு எழுத்துல இருக்கணும், கிராம சபையில தீர்மானமா போடுங்க.

கேள்வி: மேட்டுப்பாளையத்துல சுள்ளுனு வெயில், மழையே இல்ல, ஆனா பவானி திடீர்னு ஏறுது. எப்படி?

பதில்: தம்பி, மழை உங்க தலைக்கு மேல பெய்யணும்னு இல்ல. நீலகிரி மேல அப்பர் பவானியிலயோ கேரளா அட்டப்பாடி பக்கமோ பெஞ்சா உங்க ஊருக்கு மேல இருக்கிற பில்லூர் டேமுக்கு வந்து சேரும். பில்லூர் மொத்தமே 100 அடி, அதுலயும் வண்டல் ஏறிக்கிடக்கு, மலைச்சரிவுல கேரட், உருளைக்கிழங்கு போட்ட மண்ணு ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சு அங்க தான் போய் உக்காருது. அதனால 97 அடி தொட்டதும் மதகை திறந்துடுவாங்க. மழையே இல்லாத நாள்லயும் கரண்ட் எடுக்க திறந்தா ஆறு ஏறும், பாறையில உக்காந்து குளிக்கிறவங்க மாட்டிக்கிறது அப்படித்தான்.

ஆத்துல இறங்குனா காலடியில படியைப் பாருங்க. காஞ்சு கிடந்த கல்லு ஈரமாகுது, தெளிஞ்ச தண்ணி டீ கலருக்கு மாறுது, சருகும் குச்சியும் மிதந்து வருதுன்னா துணி, சோப்பு எல்லாத்தையும் விட்டுட்டு ஏறிடுங்க, குழந்தைய முதல்ல தூக்குங்க. சைரன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: பவானிசாகர் டேம் 105 அடி. அப்புறம் ஏன் 102லயே திறந்து விடுறாங்க? விவசாயிக்கு நஷ்டம் இல்லையா?

பதில்: அக்டோபர் கடைசி வரைக்கும் 102, நவம்பர்லேருந்து 105னு வச்சிருக்காங்க. அந்த மூணு அடியில ஏறக்குறைய 2.5 டிஎம்சி பிடிக்கும் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). நொடிக்கு 25,000 கன அடி வந்தா ஒரு நாள் சொச்சத்துல ரொம்பிடும், ஏன்னா நொடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா 1 டிஎம்சி. நீலகிரி மேல பெய்யுற மழை பவானி வழியாவும் மாயாறு வழியாவும் அதே டேமுக்கு தான் வருது, அந்த ஒரு நாள் அவகாசத்துல தான் டேமுக்கு கீழ இருக்கிற பவானி டவுன் கரையில இருக்கிறவங்கள எழுப்பி மேட்டுக்கு அனுப்ப முடியும். பேப்பர்ல மட்டத்தை மட்டும் பாக்காதீங்க, பக்கத்துல நீர்வரத்துன்னு போட்டிருப்பாங்க, ரெண்டையும் சேத்துப் படிங்க.