டாக்டரிடம் கேளுங்கள்: ஆராய்ச்சி யாரைப் போய்ச் சேர்ந்தது?

கேள்வி: என் மகள் மருத்துவ ஆராய்ச்சி மாணவி. கட்டுரை எந்த இதழில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதே அவளுக்கு எந்நேரமும் பேச்சு. "இதனால் எத்தனை நோயாளிக்கு நல்லது நடந்தது?" என்று கேட்டால், "அதை எப்படிம்மா அளக்கிறது?" என்கிறாள். நிஜமாகவே அளக்க முடியாதா டாக்டர்?
- ஒரு வாசகி, வந்தவாசி

பதில்: முடியும் அம்மா. ஆனால் கட்டுரை வந்த வருஷத்திலேயே முடியாது, சில சமயம் ஒரு தலைமுறை ஆகும். முப்பது வருஷம் காசநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி. படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956-இல் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் அவரவர் வீட்டில். இரண்டு பக்கமும் ஒரு வருஷத்துக்கு ஒரே மருந்து. வீட்டில் இருந்த நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை.

1959-இல் முடிவு வெளியானது. 1962-இல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே அமைந்தது. அதற்கப்புறம் எத்தனை லட்சம் பேர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரியாமல் குணமானார்கள்! இது எந்த மேற்கோள் கணக்கில் வரும்?

சரி, இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். அந்த ஆய்வில் வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தைவிட மோசமான சாப்பாட்டில்தான் குணமானார்கள். அதை நாங்கள், 'மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை' என்று எடுத்துக்கொண்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார். எடை 31 கிலோ. ஒவ்வொரு தடவையும் மாத்திரை வைத்திருந்த அலுமினிய டப்பாவைத் திறந்து காட்டுவார், காலியாக இருக்கும். நானும் அட்டையில் 'ஒழுங்காகச் சாப்பிடுகிறார்' என்று எழுதுவேன். இரண்டு மாதத்தில் எடை அரைக் கிலோகூட ஏறவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் அம்மா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்றாம் மாதம் இறந்துபோனார். இன்றைக்கும் அந்த டப்பா என் கண்ணில் நிற்கிறது.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளியோடு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டால், குடும்பத்தாருக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைவு. 2023-இல் இது வெளிவந்தது. 2024 நவம்பரில் காசநோயாளிகளின் சத்துணவுக்கு அரசு தரும் மாத உதவி 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அந்தக் கட்டுரை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முடிவுக்குப் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கும், பங்கு பிரிப்பது கஷ்டம்.

அளக்க வேண்டிய இடம் அரசாணை இல்லை அம்மா, அது பாதி வழிதான். உங்கள் மகளை ஏதாவது ஒரு காசநோய்ப் பிரிவில் ஒருநாள் உட்காரச் சொல்லுங்கள். சிகிச்சை அட்டையில் முதல் நாள் எடையையும் இரண்டாம் மாத எடையையும் பார்க்கட்டும். பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, அதில் என்ன வாங்கினார்கள் என்று கேட்கட்டும். அப்புறம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்கட்டும்.