நெஞ்சில ரியூப் போடச் சொல்லிப்போட்டினமா? கேள்வி பதில்

நெஞ்சு ரியூப் (சுவாசப்பையைச் சுற்றிச் சேர்ந்த நீர், சீழ், இரத்தம், காத்தை வெளியில எடுக்க விலாவுக்கு இடையால விடுற குழாய்) பற்றிக் கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு கேட்டிருந்தன். வந்ததில பாதி, ரியூப்பின்ர மற்ற முனையில பூட்டுற தண்ணிப் போத்தலைப் பற்றித்தான். நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில வாட்டில கன வருசம் நிண்டு ஓய்வுபெற்ற தாதி. உங்கட டொக்டர் சொல்லுறது வேறயா இருந்தா அதைக் கேளுங்கோ.

சிஸ்டர், அப்பாவுக்கு சுவாசப்பையில தண்ணி எண்டு ரியூப் போடப் போகினமாம். ஊசியால இழுத்து எடுத்தாக் காணாதா? (சுன்னாகம்)

தண்ணி சுவாசப்பைக்குள்ள இல்லைத் தங்கச்சி, அதுக்கு வெளியில. சுவாசப்பையைச் சுற்றி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. அதுகளுக்கு இடையில வழவழப்புக்குக் கொஞ்ச நீர்தான் இருக்க வேணும். அந்த இடத்தில நீரோ சீழோ இரத்தமோ காத்தோ சேர்ந்தா சுவாசப்பை விரிய இடமில்லாமப் போகும். எங்கட பக்கம் நான் கூடக் கண்டது காசநோய், நிமோனியா, புற்றுநோய். பனையால விழுந்து விலா முறிஞ்சு இரத்தம் கட்டி வந்தவையும் இருக்கினம்.

நீர் மட்டும் எண்டா அனேகமா முதல்ல ஊசியாலதான் எடுப்பினம். இதயம் பலவீனப்பட்டுச் சேர்ந்த நீர் எண்டா சிறுநீர் போக வைக்கிற மருந்திலயே வத்தும். சீழ் எண்டா கதை வேற. அது தடிப்பு, ஊசிக்குள்ளால முழுசா வராது, ரியூப்தான் வேணும். ஏன் ரியூப் எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ, கேக்கிறது உங்கட உரிமை.

நோகுமா? உண்மையைச் சொல்லுங்கோ அக்கா.

விறைப்பு ஊசி போடேக்க எரியும். அதுக்குப் பிறகு ஆரோ விரலால அமத்தித் தள்ளுற மாதிரி இருக்கும், கூரான நோ இருக்கக் கூடாது. இருந்தா உடன வாயைத் திறந்து சொல்லுங்கோ, இன்னும் கொஞ்சம் விறைப்பு மருந்து போடலாம். கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கச் சொல்லி, அனேகமாக் கக்கத்துக்குக் கீழ, விலா எலும்பின்ர மேல் விளிம்பை ஒட்டித்தான் விடுவினம். இரத்தக் குழாயும் நரம்பும் எலும்பின்ர கீழ் விளிம்போட ஓடுறதால அப்பிடி. எல்லாமா அரை மணித்தியாலம் மட்டில.

இரத்தம் கட்டியாகாம இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் குடிக்கிறவை முதல்லயே சொல்ல வேணும். நீங்களா நிப்பாட்டவும் கூடாது.

பிறகு ரெண்டு மூண்டு நாளைக்கு ஆழமா மூச்செடுக்க நோகும். எங்கட ஆம்பிளையள் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடப்பினம், மருந்து கேக்க மாட்டினம். அது வீரமில்லை. நோவுக்குப் பயந்து இருமாமக் கிடந்தா சளி கட்டி, ஒரு வருத்தத்துக்கு வந்தவருக்கு ரெண்டு வருத்தம் ஆகிவிடும்.

போத்தல் தண்ணி மேலயும் கீழயும் போகுது, சிலநேரம் குமிழியும் வருது. அம்மா பயந்துபோய் போத்தலைப் பாக்கிறாவே இல்லை. (பருத்தித்துறை)

தம்பி, அம்மாவை வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ. ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள ஸ்ட்ரோவை விட்டு ஊதிக் காட்டுங்கோ. ஊதினாக் குமிழி வெளியில வரும். உறிஞ்சினாத் தண்ணி கொஞ்சம் ஏறுமே தவிர, வெளிக்காத்து உள்ள போகாது. போத்தலும் இதுதான். உள்ள இருக்கிற குழாயின்ர நுனி தண்ணிக்குள்ள ரெண்டு சென்ரிமீற்றர் அளவு தாழ்ந்திருக்கும். நெஞ்சுக்குள்ள இருந்து காத்து வரலாம், திரும்பப் போகேலாது.

மூச்சோட தண்ணி ஏறி இறங்குறது ரியூப் திறந்து வேலை செய்யுது எண்ட அடையாளம். அது நிண்டா ஒண்டில் சுவாசப்பை விரிஞ்சு இடத்தை நிரப்பிப்போட்டுது, இல்லையெண்டா ரியூப் எங்கயோ மடிஞ்சோ அடைபட்டோ போச்சு. முதல்ல வருத்தக்காரர் ரியூப்புக்கு மேல படுத்திருக்கிறாரோ எண்டு பாருங்கோ, பிறகு மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கோ. குமிழி வாறது காத்து இன்னும் வெளியேறுது எண்டதுக்கு. காத்துக்கெண்டு போட்ட ரியூப்பில அது எதிர்பார்த்ததுதான். இல்லாம இருந்து திடீரெண்டு வந்தாச் சொல்ல வேணும்.

போத்தல் எப்பவும் நெஞ்சுக்குக் கீழ, நிலத்தில, நிமிர்ந்தபடி. ஒருக்கா எக்ஸ்ரேக்குக் கொண்டு போகேக்க, ஆரோ போத்தலைத் தூக்கி வருத்தக்காரரின்ர மடியில வைச்சுப்போட்டினம். ரியூப்புக்குள்ளால தண்ணி நெஞ்சை நோக்கி ஏறுறதை நான் கண்ணால கண்டன். ஓடிப்போய்ப் பறிச்சுக் கீழ வைச்சன். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ.

ஒண்டரை லீற்றர் வந்த உடன ரியூப்பைப் பூட்டிப்போட்டினம். மறந்துபோச்சினமோ?

இல்லை. கன நாள் நசுங்கிக் கிடந்த சுவாசப்பை சடாரெண்டு விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் கசியும். அதாலதான் இடைவெளி விடுகினம். வடியேக்க நெஞ்சு இறுகி, இருமல் விடாம வந்தாச் சொல்லுங்கோ. ஆனா குமிழி வாற ரியூப்பை நீங்கள் ஒருநாளும் மடிக்கவோ பூட்டவோ கூடாது. காத்து உள்ளயே அடைபட்டு இதயத்தையும் அமத்தும், உயிருக்கே ஆபத்து.

மீன் சாப்பிட்டாச் சீழ் பிடிக்குமாம் எண்டு மாமி சொல்லுறா.

மாமியிட்ட நான் சொன்னன் எண்டு சொல்லுங்கோ: மீன், முட்டை, பருப்பு எல்லாம் குடுக்கலாம். வடியிற நீரோட புரதமும் போகுது.

ரியூப் தற்செயலாக் கழண்டு வந்தா?

திருப்பித் தள்ளாதேங்கோ. சுத்தமான துணியாலயோ கையாலயோ ஓட்டையை அமத்திக்கொண்டு கத்திக் கூப்பிடுங்கோ. போத்தல் பக்கம் கழண்டாலும் உடன கூப்பிடுங்கோ. ரியூப்பைச் சுற்றித் தோலை அமத்தினா நொறுநொறு எண்டு இருந்தா, காத்து தோலுக்குக் கீழ போயிருக்கு, அதையும் காட்டுங்கோ. கக்கூசுக்குப் போகலாம், நடக்கலாம், கதிரையில இருக்கலாம். தலையை உயர்த்திப் படுத்தா மூச்சு லேசு.

தம்பிக்கு 24 வயசு, சிகரெட் பத்துறவன். சும்மா இருக்கேக்க சுவாசப்பையில இருந்து காத்து வெளியில கசிஞ்சு நெஞ்சுக்குள்ள சேர்ந்துபோச்செண்டு ரியூப் போட்டவை. நாளைக்கு எடுக்கினமாம். அடுத்த கிழமை கனடாவுக்கு ரிக்கெற் இருக்கு. (நல்லூர்)

எடுக்கிற வேலை ஒரு நிமிசம். ஆழமா மூச்சை இழுத்துப் பிடிக்கவோ முக்கவோ சொல்லுவினம், அந்த நேரம் இழுத்து, தையலை முடிஞ்சு, மேல ஒட்டிவிடுவினம். முதல் நாளே அவையோட பழகிப் பாக்கச் சொல்லுங்கோ. பிறகு ஒரு எக்ஸ்ரே எடுப்பினம். தையல் வெட்டுற நாளைக் கேட்டுத் துண்டில எழுதுங்கோ.

ரிக்கெற்றை மாத்துங்கோ. விமானத்துக்குள்ள அமுக்கம் குறையேக்க மிஞ்சிக் கிடக்கிற காத்து விரியும். சுவாசப்பை முழுசா விரிஞ்சுது எண்டு எக்ஸ்ரேயில கண்ட பிறகு, குறைஞ்சது ஒரு கிழமை விடச் சொல்லுறது வழமை, அதுவும் டொக்டர் பாத்துச் சொன்னாத்தான். சிலிண்டரோட கடலுக்குள்ள சுழியோடுற ஆள் எண்டா அதை விட்டிட வேணும். சிகரெட்டும் அப்பிடித்தான், திரும்பக் காத்துக் கசிய அது வழி. வீட்ட வந்த பிறகு திடீரெண்டு மூச்சு முட்டினாலோ அந்தப் பக்கம் குத்தினாலோ முச்சக்கரவண்டி தேடிக்கொண்டு நிக்காம 1990 க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.