ஏ.சி. அறைக்குள் புதுக் காற்று எப்படி வரும்? வாசகர் கேள்வி பதில்

புது வீட்டில் காற்றோட்டம், மின்சிக்கனம் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

புது ஃபிளாட்டில் எங்கள் படுக்கையறை 10-க்கு 12 அடி. யூ.பி.வி.சி. ஜன்னல், இரவு முழுக்க ஸ்பிளிட் ஏ.சி. ஓடுகிறது. காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, அறைக்குள் ஒரே புழுக்க வாடை. பழைய வீட்டிலிருந்து கழற்றி மாட்டிய அதே ஏ.சி.தான். அங்கே இப்படி இல்லையே?
— வேளச்சேரி வாசகி

மாறியது ஜன்னல். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. சுவர் வழியே வெளியே போகும் செம்புக் குழாயில் ஓடுவது கேஸ் மட்டும்தான். பழைய மர ஜன்னலின் இடுக்குகள் உங்களுக்குத் தெரியாமலே புதுக் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ரப்பர் பட்டை வைத்த புது ஜன்னல் அந்த வழியை அடைத்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு 12 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியே விடுகிறார்; இருவருக்கு 25 லிட்டர் என்று வைப்போம். கதவிடுக்கில் மணிக்கு 10 கன மீட்டர் காற்றுதான் மாறுகிறது என்றால், விடியும்போது கரியமில வாயு 2,500 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,500 பங்கைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது 420 அளவில்தான் இருக்கிறது. அதே அறைக்கு மணிக்கு 50 கன மீட்டர், அதாவது சுமார் 30 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 30 கன அடி) வெளிக்காற்று கொடுத்தால் 900-ஐ ஒட்டியே நிற்கும். தலைக்கனத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். புது பெயின்ட், புது பிளைவுட் வாடையும் மூடிய அறையில்தான் தேங்கும். எப்படியிருந்தாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது காற்றை.

ஜன்னலை ஒரு கீற்று திறந்து வைப்பது நல்ல வழியல்ல. காற்றடிக்கும் இரவில் தேவையைப் போலப் பல மடங்கு நுழையும், அடிக்காத இரவில் ஒன்றும் வராது. குழாயின் நடுவே பொருத்தும் 4 அங்குல இன்லைன் ஃபேன் ஒன்று, ஃபில்டர் பெட்டி ஒன்று, வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டர், ஃபேன் நின்றால் தானே மூடிக்கொள்ளும் தடுப்பு மடல் ஆகியவை போதும். 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயைச் சுவரில் வெளிப்பக்கம் சற்றே சரியும்படி பதியுங்கள். நேராக வைத்தால் மழைநீர் உள்ளே வரும். வெளிமுனை கீழ்நோக்கி வளைந்து, கொசுவலையோடு இருக்க வேண்டும். பாத்ரூம் ஷாஃப்ட், ஜெனரேட்டர், குப்பைத் தொட்டி இவற்றின் பக்கம் அந்த முனை போகவே கூடாது. உள்முனையை ஏ.சி.யின் மேல்பக்கம், அது காற்றை இழுக்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். குளிர்காற்று வெளிவரும் வாய்க்கு நேரே வைத்தால் ஈரக் காற்று அங்கேயே வியர்த்து, படுக்கையில் சொட்டும். வந்த காற்று வெளியேற அறைக் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புது அடுக்ககங்கள் பலவற்றில் சுவர்களே கான்கிரீட். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை. கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் கோர் கட்டிங் (இயந்திரத்தால் சுவரில் வட்டத் துளை போடுவது) வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டில், ஜன்னலின் ஒரு சிறு கண்ணாடியை எடுத்துவிட்டு அலுமினியக் கூட்டுப் பலகை பொருத்தி, அதில் குழாயை விடுவதுதான் பாதுகாப்பு.

செலவு? வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் உள்ள சென்னை இரவில் இந்தக் காற்றைக் குளிர்விக்க ஏறக்குறைய 500 வாட் குளிர்த்திறன் கூடுதலாக வேண்டும். ஒரு டன் ஏ.சி.யின் திறனில் அது ஏழில் ஒரு பங்கு. மின்சாரமாகப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட். நிம்மதியான தூக்கத்துக்கு இது அதிகமில்லை.

டொரன்டோவில் தம்பி வாங்கிய புது வீட்டில் எச்.ஆர்.வி. என்ற காற்றோட்டக் கருவி இருக்கிறது. நான் கட்டும் வீட்டுக்கும் ஒன்று வரவழைக்கலாமா?
— கடலூர் வாசகர்

வேண்டாம். அந்தக் கருவி வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றுகிறது. ஈரத்தை அது தொடுவதில்லை. வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்னும் கனடாக் குளிர்காலத்தில் 41 டிகிரி வித்தியாசம். அங்கே அது பொன்னான கருவி. கடலூரில் இரவு வித்தியாசம் 5 டிகிரிதான். ஏ.சி.யின் கூடுதல் சுமையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈரத்தை நீராக்கி வெளியேற்றுவதற்கே போகிறது. மேலே சொன்ன 50 கன மீட்டர் காற்றிலிருந்து மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும். வெப்பத்தை மட்டும் மீட்கும் கருவியால் அந்தச் சுமையில் எட்டில் ஒரு பங்குகூட மிச்சமாகாது. அந்த மிச்சத்தையும் அதன் இரண்டு ஃபேன்கள் தின்றுவிடும்.

ஈரத்தையும் சேர்த்துப் பரிமாறும் ஈ.ஆர்.வி. என்ற வகை நம் கடற்கரைக்குப் பொருந்தும். ஆனால் இரவும் பகலும் மூடியே இருக்கும் வீட்டுக்குத்தான் அது தகும். பகலில் ஜன்னல் திறக்கும் குடும்பம் அந்தப் பணத்தை மொட்டை மாடியில் போடலாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

'எனர்ஜி கோடு படி கட்டிய வீடு' என்று பில்டர் விளம்பரம் செய்கிறார். எதைக் கேட்டுச் சரிபார்ப்பது?
— மதுரவாயல் வாசகர்

வீடுகளுக்கான மத்திய அரசின் நெறிமுறை 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. முதல் பகுதி 2018 டிசம்பரில் வந்தது. மாநிலங்கள் தம் கட்டட விதிகளில் சேர்க்கும்போதுதான் அது கட்டாயமாகும். பில்டரிடம் மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்.

சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்தைச் சொல்லும் ஆர்.இ.டி.வி. சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவர் கடத்தும் வெப்பத்தில் 200 மில்லிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமென்ட் கல்) சுவர் கடத்துவது நாலில் ஒரு பங்கு அளவுதான். கான்கிரீட் சுவர், மேற்கே நிழலில்லாத பெரிய கண்ணாடி என்றிருந்தால் அவரிடம் கணக்குத் தாளையே வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது எண் கூரையின் யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு அது எத்தனை வாட் வெப்பத்தைக் கடத்துகிறது என்பது: 1.2-க்குள் இருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3-ஐத் தாண்டும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் பூச்சு 4 அங்குலம் போட்டாலும் 1.2-க்கு இறங்காது. வெள்ளை கூலிங் டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும். யூ மதிப்பை அது குறைக்காது. 25 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை போட்டால் கணக்கு நேராகிவிடும்; மேல்மாடி வீட்டுக்கு 50 போடுவதே நல்லது. தளத்தின் மேல் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் பலகை, பிறகு பிரிப்புத் துணி, சிமென்ட் ஸ்கிரீடு, டைல்ஸ் என்பது வரிசை. தெர்மகோல் போட்டு ஏமாற்றினால் சில மழையிலேயே நீர் குடித்து வீணாகும்.

மூன்றாவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சென்னை போன்ற வெப்ப ஈரப் பகுதியில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 700 சதுர அடிக்கு இது 117 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், எனவே 5-க்கு 4 அடி ஜன்னலுக்கு 10 சதுர அடிதான் கணக்கு. அதே இடத்தில் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலுக்கு 18. பால்கனிக் கதவும் சேரும்; நடைக்கூடத்துக்குத் திறக்கும் வாசல் கதவு சேராது.

சீலிங் ஃபேன் ஓடினால் காற்று மாறாதா?
— தாம்பரம் வாசகி

மாறாது; உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும். ஆனால் ஃபேன் ஓடினால் ஏ.சி.யை 24-க்குப் பதில் 27-இல் வைத்தும் தூங்கலாம். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் அளவிலான பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள்.

பாத்ரூமில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமாக ஓடுகிறது, ஆனால் ஈரமும் பூஞ்சையும் போகவில்லை. சமையலறை சிம்னி போட்டால் பாத்ரூம் வாடை ஹாலுக்கு வருகிறது.
— பெரம்பூர் வாசகர்

இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே: வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. ஃபேன் பெட்டியில் அச்சிட்ட அளவு தடையில்லாத இடத்தில் எடுத்தது. கதவு வாசற்படி கிரானைட்டில் ஒட்டி மூடினால் ஃபேன் வெறுமனே சுழலும். கதவடியில் 20 மில்லிமீட்டர் வெட்டுங்கள், அல்லது கீழே லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) பொருத்துங்கள். குளித்து முடித்தபின் 20 நிமிடம் ஓட டைமர் சுவிட்ச் வையுங்கள். வெளிப்பக்கத் தகடுகள் தூசியில் ஒட்டிப்போயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

சிம்னி மணிக்கு 1,000 கன மீட்டர்கூட இழுக்கும். ஜன்னல்கள் மூடியிருந்தால் அது ஷாஃப்ட் வழியே பாத்ரூம் காற்றைத்தான் இழுத்துக்கொண்டு வரும். ஊதுவத்தியைப் பாத்ரூம் கதவடியில் பிடித்துப் பாருங்கள். புகை ஹால் பக்கம் சாய்ந்தால் உறுதி. சமைக்கும்போது சமையலறை ஜன்னலையே ஒரு சாண் திறந்து வையுங்கள். குழாயையும் பாருங்கள். 6 அங்குலக் குழாயை ஓட்டையின் வசதிக்காக 4 ஆக்கியிருந்தால் பரப்பு பாதிக்கும் கீழே போயிருக்கும். சத்தம் கூடும், இழுவை குறையும்.

உங்கள் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் இன்றே சிலிண்டர் வால்வை மூடுங்கள். சிம்னி இழுக்கும் வீட்டில் அதன் எரிவாயுப் புகை வெளியேறாமல் உள்ளேயே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிப்பவர் மயங்கி விழுவதற்குச் சில நிமிடம் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பி அதை உள்ளே வைத்திருக்கக் கூடாது. திறந்த பால்கனிச் சுவருக்குக் கீசரை மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் பாத்ரூமுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள்.