செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் மட்டும் வரவில்லை: எங்கே தேடுவது?

கேள்வி: பழைய காரிலிருந்து இறக்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை, ஃபைபர்கிளாஸ் பாடி போட்ட கிட் காரில் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) பொருத்தியிருக்கிறேன். இறக்கும்வரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்தான். பாயின்ட், கண்டென்சர் உள்ள பழைய வகை டிஸ்ட்ரிபியூட்டர். வயரிங் முழுக்க நானே செய்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோலும் வருகிறது. ஆனால் பிளக்கில் ஸ்பார்க் துளிகூட இல்லை. பிளக், காயில், கண்டென்சர் மூன்றையும் மாற்றிவிட்டேன். சாவியைப் போட்டால் காயிலில் 12 வோல்ட் காட்டுகிறது. இனி எதை மாற்றுவது?

பதில்: இனி எதையும் மாற்றாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், குறிப்பாகப் பழைய கண்டென்சரை. புதிதாக வாங்கிய கண்டென்சரே பழுதாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. இறக்கும்வரை ஓடிய எஞ்சினில் எல்லாப் பாகமும் ஒரே நாளில் சாகாது. உங்கள் காரில் புதிது என்றால் வயரிங்தான், சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டாக மாற்றுவது காயில். அதில் கரண்ட் ஓடும்போது ஸ்பார்க் பிறப்பதில்லை, ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று அறுபடும் நொடியில்தான் பிறக்கிறது. பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஸ்விட்ச். அது மூடும்போது காயில் வழியாக எர்த்துக்குக் கரண்ட் ஓடும், திறக்கும்போது அறுபடும். பாயின்ட்டில் பொறி பறக்காமல் கரண்ட் சட்டென்று அறுபட உதவுவதுதான் கண்டென்சர். ஆகவே கேள்வி இரண்டே: கரண்ட் காயிலுக்கு வருகிறதா, வந்த கரண்ட்டை யாராவது வெட்டுகிறார்களா?

அதற்கு முன், ஸ்பார்க் பார்க்கும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிளக்கின் உலோக உடலை ஒரு ஜம்பர் கேபிளால் எஞ்சின் பிளாக்கோடு கவ்விப் பிடிக்க வைக்க வேண்டும். பெயின்ட் அடித்த இடத்தில் சும்மா சாய்த்து வைத்தால், நல்ல இக்னிஷனில்கூட ஸ்பார்க் தெரியாது. கையில் பிடிக்கவே கூடாது, அது 20,000 வோல்ட்டையும் தாண்டும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. முதல் சோதனையைக் காயிலிலிருந்து வரும் நடு வயரில் செய்யுங்கள். அங்கே ஸ்பார்க் வந்து பிளக்குகளில் வரவில்லை என்றால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலோ, உள்ளே சுற்றி ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் ரோட்டரிலோதான். கேப்பின் உள்ளே நடுவில் இருக்கும் சின்ன கார்பன் முனை உடைந்திருக்கிறதா பாருங்கள், வேலை முடிந்துவிடும்.

நடு வயரிலேயே ஸ்பார்க் இல்லையென்றால், காயில் பாசிடிவில் இருந்து தொடங்குங்கள். அங்கே 12 வோல்ட் காட்டுகிறது என்கிறீர்கள். சரி, ஆனால் அது சாவியைப் போட்டு நிறுத்திய நிலையில் எடுத்த அளவு. செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு காட்டுகிறது? சொந்தமாக வயரிங் செய்த கார்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இதுதான்: காயிலுக்கான வயரை இக்னிஷன் ஸ்விட்சின் ஆக்சஸரி முனையில் கொடுத்துவிடுவார்கள். ரேடியோவுக்கான முனை அது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் சுமையைக் குறைக்க, ஸ்விட்ச் அந்த முனையைத் தானாகவே துண்டித்துவிடும். சாவியை விட்டதும் 12 வோல்ட் திரும்பி வந்து நிற்கும். மீட்டரைப் பிடித்தவர் எல்லாம் சரி என்று நினைப்பார். சாவியை விடும் அந்த நொடியில் எஞ்சின் ஒருமுறை உதறினால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒருவரை உட்கார வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி, அப்போது அளந்து பாருங்கள். 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இன்னொன்று: மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. வயரின் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். காயிலோ 4 ஆம்பியர் வரை கேட்கும். அதனால் இண்டிகேட்டரில் வரும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சேர்த்து, காயில் பாசிடிவுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் கிரிம்ப் செய்த (நசுக்கிப் பொருத்திய) முனைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

கரண்ட் வருவது உறுதியானால் அடுத்தது நெகடிவ் பக்கம். ஒரு 5 வாட் பல்பை காயில் நெகடிவுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே கொடுங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றுங்கள். பாயின்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் காயில் கொதிக்கும்.

பல்பு அணையவே இல்லை என்றால் பாயின்ட் எர்த்துக்குப் போகவில்லை. எஞ்சின் மாதக்கணக்கில் சும்மா கிடந்திருந்தால் பாயின்ட்டின் முகத்தில் ஆக்சைடு படிந்திருக்கும். கண்ணுக்குச் சாம்பல் நிறமாக மட்டும்தான் தெரியும், ஆனால் கரண்ட் போகாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான காகிதத் துண்டை நடுவே விட்டு இழுத்துத் துடையுங்கள். இடைவெளி பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் 0.4 மி.மீ., சிலவற்றில் 0.6-ஐத் தாண்டும். உங்களுடையதற்கு உரிய அளவையே வையுங்கள். பாயின்ட் தட்டை எர்த் செய்யும் குட்டி நெசவு வயரையும் பாருங்கள். மேலே துணி உறை முழுசாகத் தெரியும், உள்ளே அறுந்திருக்கும். விரலால் மடக்கினால் ஒரே இடத்தில் தொளதொளவென்று வளையும்.

பல்பு எரியவே இல்லை என்றால், காயில் நெகடிவ் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகிறது, அல்லது காயிலே உள்ளே அறுந்திருக்கிறது. நெகடிவிலிருந்து டேக்கோமீட்டருக்குப் போகும் வயரை முதலில் கழற்றுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் அது எங்காவது சேசிஸில் நசுங்கியிருந்தால் ஸ்பார்க் மொத்தமும் போய்விடும். அதைக் கழற்றியும் எரியவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். இப்போது எரிந்தால் ஷார்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். நீங்கள் கண்டென்சரை மாற்றியிருப்பதால் இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். பாயின்ட்டின் ஸ்பிரிங், கண்டென்சர் வயர், காயில் வயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், மூன்றில் எதுவும் நடுத்தண்டையோ தட்டையோ தொடக் கூடாது. அதற்காக அங்கே ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருக்கும், பட்டாணி அளவுதான். அது மேலும் கீழும் மாறி உட்கார்ந்திருந்தாலே போதும், பாயின்ட் திறந்தும் மூடினதற்குச் சமம்.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் எஞ்சினின் பெரிய எர்த் கேபிள் சரியாகவே இருக்கும். ஆனால் இக்னிஷனுக்கு ரிலே வைத்திருந்தால் அதன் எர்த்தைப் பாருங்கள். ஃபைபர்கிளாஸில் திருகிய போல்ட் எர்த் ஆகாது. பவுடர் கோட்டிங் அடித்த சேசிஸிலும் அப்படியே, வெள்ளி நிறம் தெரியும்வரை சுரண்டினால்தான் எர்த். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பல மாட்யூல்கள் தங்கள் உலோக உடல் வழியாகவே எர்த் எடுக்கின்றன.

புதிய காயிலின் பிரைமரி சுற்றையும் (பாசிடிவ், நெகடிவ் முனைகளுக்கு நடுவே) ஒருமுறை ஓமில் அளந்துகொள்ளுங்கள். 3 ஓம் அருகில் என்றால் நேரடி 12 வோல்ட்டுக்கானது. 1.5 ஓம் அருகில் என்றால் கரண்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில், அது இல்லாமல் ஓட்டினால் காயிலும் பாயின்ட்டும் சீக்கிரமே கருகும்.

ஸ்பார்க் வந்த பிறகும் எஞ்சின் பிடிக்காமல் கார்புரேட்டர் வழியாக வெடித்தால், பிளக் வயர்களின் வரிசையைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் என்றாலே 1-3-4-2 என்று போட்டுவிடுகிறார்கள். கிட் கார்களில் அதிகம் புழங்கும் ஃபோர்டு கென்ட் எஞ்சினின் வரிசை 1-2-4-3.