பாட்டியிடம் பேச ஒரு பலகை போதுமா?

கேள்வி: எனக்கு 27 வயது; பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு பாட்டி காலமான பிறகு, சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் மந்திரம், தேவதூதர்கள், ஆவிகளோடு பேசுதல், ஐரோப்பாவின் பழைய இயற்கை வழிபாடு பற்றிய ஆங்கில நூல்களை வாங்கிப் படித்து வருகிறேன். சாமி மேடை இருக்கும் வீட்டில் இவை ஆகாது என்கிறார் அம்மா. படிப்பது தவறா? எந்த வகை நூலிலிருந்து தொடங்கலாம்? ஒரு நூலில் சொல்லியிருப்பதுபோல் எழுத்துப் பலகையை வைத்துப் பாட்டியிடம் பேச முயலலாமா? – வாசகி, பினாங்கு

அன்புள்ள வாசகிக்கு,

படிப்பது தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் கனம் முழுவதும் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லும் எழுத்துப் பலகை, அதாவது மேலே விரல் வைத்த காசோ கட்டையோ எழுத்து எழுத்தாக நகர்ந்து சொற்களைக் கூட்டும் ‘வீஜா’ பலகை, தொன்மையான சடங்குப் பொருள் அன்று. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, வீட்டு விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. ஆவிகளோடு பேசும் மோகம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பிறந்துவிட்டது. 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் இருவர், சுவரிலும் தரையிலும் கேட்கும் தட்டல் ஒலிகள் இறந்தவர்களின் பதில்கள் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888இல், அவர்களுள் ஒருவரான மார்கரெட் நியூயார்க் மேடை ஒன்றில் ஏறி, அந்த ஒலி தம் கால்விரல் மூட்டிலிருந்து வந்தது என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அந்த வாக்குமூலத்தை அவரே மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகையில் காசோ கட்டையோ நகரும்போது யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மேசைகள் தாமாகச் சுழல்வதாக இங்கிலாந்து முழுவதும் பேச்சாக இருந்த 1853இல், மின்னியல் அறிஞர் மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்துப் பார்த்தார். மேசையைத் தள்ளியவை அதன் மேல் வைத்திருந்த கைகளே என்பதும், தாங்கள்தான் தள்ளுகிறோம் என்பது அக்கைகளுக்கு உரியவர்களுக்கே தெரியாது என்பதும் புலப்பட்டன. ஆகவே பலகையில் பாட்டியின் சொல்லாக வருவது உங்கள் நினைவில் உள்ள பாட்டியின் சொல்லாகத்தான் இருக்கும். அது இனிமையாக வந்தால் நல்லது. துக்கமும் குற்ற உணர்வும் ஆறாத மனம் என்றேனும் ஒரு நாள் கடுமையான சொல்லைக் கூட்டிவிட்டால், அதைப் பாட்டியின் சாபமாக நீங்கள் சுமக்க நேரும். வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பேய் அல்ல, இதுதான். ‘நம் முனியாண்டி கோயில்களில் குறி கேட்பதில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அதற்கென்று ஒரு நாளும், கேட்டு முடித்ததும் போதும் என்று எழுப்பிவிடும் பெரியவர்களும், கூட வந்த உறவுகளும் இருக்கிறார்கள். நள்ளிரவில் தனியறையில் பலகை முன் அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட எவரும் இல்லை.

இனி நூல்களுக்கு வருகிறேன். எதைப் படித்தாலும் இதை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ‘விக்கா’ என்னும் சூனியக்காரியர் சமயத்தைக் கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருவதாகச் சொல்லும் நூல்கள் உங்கள் கையில் இருக்கக்கூடும். அதை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் மலாயாவில் ரப்பர் தோட்டங்களிலும் சுங்கத் துறையிலும் வேலை பார்த்தவர் என்பதை அறிந்தால் நீங்களும் என்னைப் போலவே வியப்பீர்கள். மலாய்க்காரர்களின் கெரிஸ் கத்தியைப் பற்றி 1936இல் ஒரு நூல் எழுதிவிட்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், சூனிய சக்தி தமக்கு உண்டென்று சொல்லிக்கொள்வோரைத் தண்டிக்கும் பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் தம் சமயத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் சான்றாக நம்பியது, சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் கிறித்தவத்துக்கு முந்திய பழைய சமயம் ஒன்றைப் பின்பற்றியவர்கள் என்று அறிஞர் மார்கரெட் மர்ரே 1921இல் முன்வைத்த கருத்தை. அதை இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை. அதனால் விக்கா பொய்யாகிவிடாது. நம் பாட்டிமார் காலத்தில் உருவான புதிய சமயம் என்று தெரிந்துகொண்டு படிக்கலாம், அவ்வளவே.

தேவதூதர் நூல்களில் பிறந்த தேதிக்கு ஒரு தூதர் என்று பட்டியல் போடுபவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. எலிசபெத் அரசியின் காலத்தில் வாழ்ந்த ஜான் டீ என்ற கணித அறிஞர், பளிங்கில் தூதர்களைக் காண்பதாகச் சொன்ன எட்வர்ட் கெல்லியை 1582 முதல் அருகில் அமர்த்தி எழுதிவைத்த குறிப்புகளைப் பற்றிப் படியுங்கள். பேரறிவும் ஏக்கமும் ஒரே மனிதரிடம் எப்படிக் கூடியிருந்தன என்பது தெரியும். அதோடு, காவல் சம்மனசு எனப்படும் காவல் தூதரைப் பற்றிக் கத்தோலிக்கத் தோழி ஒருவரிடமும், மலக்குகள் எனப்படும் வானவர்களைப் பற்றித் தமிழ் முஸ்லிம் அண்டைவீட்டாரிடமும் கேட்டுப் பாருங்கள். புத்தகக் கடை மாடியில் கிடைக்காதது கிடைக்கும்.

‘பேகன்’ என்பது நாட்டுப்புறத்தார் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிறித்தவர் மற்றவர்களுக்கு இட்ட பெயர். அந்தக் கணக்கில் நம் வீரனும் முனியும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். எனவே தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பவை இரண்டு. சிலாங்கூரில் அதிகாரியாக இருந்த ஸ்கீட், பவாங்குகள் எனப்படும் மலாய் மந்திரவாதிகள் நெல்லின் உயிரை அழைக்கும் சடங்கு முதற்கொண்டு பலவற்றைத் திரட்டி மலாய் மந்திரம் பற்றி 1900இல் வெளியிட்ட நூல் ஒன்று. காலனியப் பார்வை உண்டென்றாலும் பார்த்ததையும் கேட்டதையும் விரிவாகப் பதிந்தது. மற்றது நற்றிணையின் 34ஆம் பாடல். காதலால் மெலிந்த பெண்ணுக்கு அணங்கு என்னும் வருத்தும் தெய்வம் பிடித்ததென்று, வேலன் எனப்படும் முருக பூசாரியை அழைத்து வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நடத்துகிறார்கள். உண்மை அறிந்த தோழியோ, வேலன் அழைக்க வந்து நின்ற முருகனையே பார்த்து, ‘நீ கடவுளே ஆனாலும் ஆகுக, அறியாமை உடையாய், வாழ்க!’ என்கிறாள். அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மாவின் வருத்தம் தணிய, புத்தகங்களைச் சாமி மேடை இல்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். அவருடைய நிம்மதிக்காக ஓர் அலமாரியை நகர்த்துவது பெரிய காரியமில்லை. பினாங்கின் ஈரக்காற்றில் பழைய தாள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் விரித்து உலர்த்துங்கள். பூச்சிக்காக அலமாரியில் இரண்டு கற்பூரக் கட்டிகளையும் போட்டு வையுங்கள். அதை அம்மா வேறு காரணத்துக்காக வரவேற்பார்.