அல்லேலூயா என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

எபிரேயச் சொல். ‘ஹலெலூ’, ‘யா’ என்று இரண்டு துண்டுகள். ஹலெலூ என்றால் ‘துதியுங்கள்’. யா என்பது இஸ்ரயேல் மக்கள் வணங்கிய கடவுளுடைய பெயரின் சுருக்கம். சேர்த்துச் சொன்னால் ‘ஆண்டவரைத் துதியுங்கள்’. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு இதோடு எழுந்து போக மனசு வரவில்லை.

கேட்டவர் அநேகமாகப் பக்கத்துத் தெரு ஜெபக்கூட்டத்தில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார். இல்லையென்றால் யாரோ ஒரு கிறிஸ்தவரை ‘அல்லேலூயா’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும். இரண்டாவதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு மாடி போர்ஷன், நல்ல காற்று, தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. வீட்டுக்கார அம்மாவும் நானும் அட்வான்ஸ் வரை பேசிவிட்டோம். என் மனைவி எங்கள் பீரோ உள்ளே நுழையுமா என்று வாசல் நிலையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அப்போதுதான் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். “ஓ, நீங்க அல்லேலூயாவா? கூட்டம் போட்டுப் பாடுவீங்களே, அதெல்லாம் நமக்குச் சரிப்படாது தம்பி” என்றார். என் மனைவி ஒன்றும் பேசாமல் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். கீழே இறங்கியதும் புரோக்கர், “பேரை முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற வீடு காட்டியிருப்பேன் சார்” என்றார்.

எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைத்து அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாத கூட்டங்களும் இருக்கின்றன, அந்தக் கோபம் நியாயமானது. நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டில் ஜெபமாலை சொல்வோம், அது பக்கத்து அறைக்கே கேட்காது. அதை எடுத்துச் சொல்லக்கூட அந்த அம்மா இடம் கொடுக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 

ஹலெலூ என்பது பன்மை ஏவல். ஒருவன் தனியாகக் கடவுளிடம் சொல்கிற சொல் இல்லை இது. சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து ‘வாங்க, எல்லாரும் துதியுங்க’ என்று கூப்பிடுகிற சொல். பிறகு எங்களுக்கு வீடு கிடைத்த இடத்தில், கீழ் வீட்டுப் பாட்டி ஒருநாள் இதன் அர்த்தத்தை ஆசையாகக் கேட்டார். இப்படித்தான் சொன்னேன். “பஜனையில ஒருத்தர் குரல் கொடுக்க எல்லாரும் கோவிந்தா, கோவிந்தான்னு சொல்றோமே, அது மாதிரியாப்பா?” என்றார். கிட்டத்தட்ட அதேதான் பாட்டி என்றேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

யா என்ற துண்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். எலியா, எசாயா, எரேமியா, செக்கரியா என்ற இறைவாக்கினர் பெயர்களின் கடைசியில் நிற்பது அதே பெயர். கடவுளுடைய நான்கெழுத்து முழுப் பெயரை யூதர்கள் வாயால் உச்சரிப்பதில்லை, அந்த இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்று வாசிப்பார்கள். ஆனால் வழிபாட்டில் அல்லேலூயா பாடும்போது யாவைச் சேர்த்தே பாடுகிறார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். 2008-இல் வத்திக்கான், திருவழிபாட்டில் அந்த முழுப் பெயரைச் சொல்லிப் பாட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அல்லேலூயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எபிரேய விவிலியத்தில் இந்தச் சொல் திருப்பாடல்கள் (சங்கீதம்) என்ற பாட்டுத் தொகுப்பில் மட்டும்தான் வருகிறது, அதுவும் 104-ஆம் பாடலின் முடிவில்தான் முதல் தடவை. கடைசி ஐந்து பாடல்களும் இதிலேயே தொடங்கி இதிலேயே முடிகின்றன. 150-ஆவது பாடலில் எக்காளம், யாழ், மத்தளம், குழல், கைத்தாளம் என்று கருவிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கடைசியில் மூச்சுள்ள அனைத்தையும் கூப்பிடுகிறார்கள். 113 முதல் 118 வரை உள்ள பாடல்களுக்கு ஹல்லேல் என்றே பெயர், பாஸ்கா என்ற யூதப் பண்டிகையின் இரவில் யூத வீடுகளில் இன்றும் பாடுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் திருவெளிப்பாடு 19-ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது.

‘தமிழர்கள் ஹ-வை விழுங்கிவிட்டார்கள், ஹல்லேலூயா என்பதுதான் சரி’ என்று யாராவது எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் திருப்பாடல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் ஹ-வுக்குத் தனி எழுத்து கிடையாது. லத்தீனிலும் அல்லேலூயாதான். இரண்டும் சரி. நான் எபிரேயப் பண்டிதன் இல்லை, கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். குழுவில் பல வருஷம் நின்றதில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இது.

அப்படி நின்றதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கோயில்களில் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், முழுக்க அல்லேலூயா கிடையாது. சாம்பல் புதனில் நிறுத்தினால் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில்தான் திரும்ப வரும். குருவானவர் மூன்று முறை பாடுவார், ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றி. அவர் முடித்ததும் மொத்தக் கோயிலும் வாங்கிப் பாடும். மூன்றாவதில் ஆண்கள் பாதிப் பேருக்குக் குரல் எட்டாது, ஆனாலும் விடமாட்டார்கள். அத்தனை நாள் வாயில் வராத சொல், எனக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

கேட்டவருக்கு விருப்பம் இருந்தால் அந்த இரவில் பக்கத்தில் இருக்கிற கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நற்செய்தி வாசிப்பதற்குச் சற்று முன்னால் வரும். அதற்கு முன் வாசகங்கள் நிறைய இருக்கும், கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.